ஆழத்துக்கும் கரையோரத்துக்கும் கிராங்க்பெயிட்: ஒரே ரீல் போதுமா?

ஆற்றங்கரையான் (ஹண்ட்ஸ்வில், அலபாமா)

எல்லோருக்கும் வணக்கம். பாஸ் மீன் பிடிக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க ஸ்பின்னிங் ரீல்தான். போன வருடம் ஒரு பெயிட்காஸ்டிங் ரீல் வாங்கினேன், 7.1:1, அதாவது ஹேண்டிலை ஒருமுறை சுற்றினால் தூண்டில் நூல் சுற்றிய ஸ்பூல் 7.1 முறை சுற்றும். ஜிக் (கனமான தலை வைத்த தூண்டில் முள்), பிளாஸ்டிக் புழு எல்லாம் அதில்தான்.

மார்ச்சில் கன்டர்ஸ்வில் ஏரியில் சாலைப் பாலத்தை ஒட்டிக் கல் கொட்டிய கரையில் ஸ்கொயர்பில் வீசினேன், அதாவது சதுர லிப் வைத்த, ஆழம் போகாத கிராங்க்பெயிட் (லிப் என்பது இந்த மீன் வடிவச் செயற்கை இரையின் முன்னால் உள்ள தகடு, இழுக்கும்போது அதுதான் இரையைக் கீழே இறக்கும்). அதே ரீல்தான். ஒரு குறையும் இல்லை, அன்றைக்கு நான்கு மீன். ஆனால் ஜூனில் நண்பர் தன் படகில் பிக்விக் ஏரிக்குக் கூட்டிப்போனார். 18 அடி ஆழத்தில் லெட்ஜ் (அடித்தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பு). பெரிய லிப் வைத்த டீப் கிராங்க்பெயிட்டை அதே ரீலில் கட்டி இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் முன்கை மரத்துப்போய்விட்டது. மதியத்துக்கு மேல் வீசவே முடியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் சாயங்காலம் வரை வீசினார். அவருக்கு வயது 58.

இந்த வருடம் கிராங்க்பெயிட்டுக்கென்று ஒரு ரீல் வாங்க நினைக்கிறேன். பட்ஜெட் 200 டாலர். கடையில் கேட்டால், "6.3:1 வாங்குங்கள், ஆழம், மேலோட்டம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்" என்றார்கள். ஒரே ரீலில் இரண்டும் செய்யலாமா? செய்தால் எதை வாங்குவது?

பழைய தூண்டில் (ஃப்ளோரன்ஸ், அலபாமா)

தம்பி, பிக்விக் என் ஊர் ஏரி. அந்தக் கை வலி எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்காரர் சொன்னது தப்பில்லை. ஆனால் "நடுவில் இருக்கும்" என்பதற்காக ஒரு பொருளை வாங்கினால் இரண்டு பக்கமும் அரைகுறையாகத்தான் அமையும். என் கருத்து இதுதான்: கிராங்க்பெயிட் ரீலை ஆழத்தை நினைத்து வாங்கு. ஸ்கொயர்பில் எந்த ரீலிலும் வரும். அது சில அடிக்கு மேல் இறங்காது, தண்ணீரைப் பெரிதாகத் தள்ளுவதும் இல்லை. டீப் கிராங்க்பெயிட் அப்படியில்லை. அந்த அகல லிப் தண்ணீரை வெட்டிக்கொண்டு இறங்குவது வாளியை முகர்ந்து இழுப்பது மாதிரி. அதற்கு 5:1 வரிசை ரீல் வேண்டும்.

அபு கார்சியா ரெவோ வின்ச் ரீலைத் தேடிப் பார், 5.4:1. இந்த வேலைக்கென்றே செய்தது. பழையது கிடைத்தால் ஷிமானோ குராடோ 200 இ5, அது 5.0:1. பச்சை நிறத் தலைமுறை. உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகியும் கிராங்க்பெயிட் வீசுபவர்கள் இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள். லூஸ் பிபி1 ப்ரோவிலும் 5.1:1 வந்தது.

ஒன்று கேட்கிறேன். ராடு என்ன? லைன் என்ன? அதைச் சொல்லாமல் ரீலை மட்டும் பேசிப் பயனில்லை.

ஃபோர்க்வாசி (டல்லாஸ், டெக்சாஸ்)

"ஸ்கொயர்பில் எந்த ரீலிலும் வரும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா.

லேக் ஃபோர்க்கில் அணை கட்டும்போது மரங்களை நிறைய அப்படியே விட்டுவிட்டார்கள். அடிமரங்களுக்கு நடுவே ஸ்கொயர்பில்லை இடித்து இடித்துக் கொண்டுவருவதுதான் அங்கே முறை. கட்டையில் மோதி லிப் விலகும் அந்த நொடியில்தான் மீன் அடிக்கும். அடித்ததும் அது கட்டையைச் சுற்றப் பார்க்கும். முதல் இரண்டு விநாடியில் தலையை நம் பக்கம் திருப்பாவிட்டால் போச்சு. 5:1 ரீலில் அந்த இரண்டு விநாடியில் எவ்வளவு லைன் எடுக்க முடியும்?

இன்னொன்று, கட்டையில் மோதியதும் ஒரு கணம் நிறுத்துவோம். பெயிட் மேலே மிதந்து வரும், லைன் தொய்யும். மறுபடி இழுக்கும்போது அந்தத் தொய்வை உடனே எடுக்க வேண்டும். எனக்கு ஸ்கொயர்பில் என்றால் 7:1தான். தொழில்முறை வீரர் கெவின் வான்டாம் 2011-ல் லூசியானா டெல்டாவில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை ஜெயித்தது ஸ்கொயர்பில்லை அடிமரங்களில் இடித்துத்தான். மேலோட்டத்து மீன்பிடியைச் சாதாரணமாக எடைபோட வேண்டாம்.

அப்புறம் ஒரு சந்தேகம். வேகமான ரீலை மெதுவாகச் சுற்ற முடியாதா? முடியுமே! பிறகு எதற்கு மெதுவான ரீல்?

கியர்பெட்டி (டெட்ராய்ட், மிச்சிகன்)

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கியர் வடிவமைப்பு என் தொழில் என்பதால் இதைப் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ரேஷியோவை விட்டுவிடுங்கள். ஹேண்டிலை ஒருமுறை சுற்றினால் எத்தனை அங்குலம் லைன் வருகிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரீல் பெட்டியிலேயே போட்டிருக்கும். சாதாரண அளவு ஸ்பூலில் 5.4:1 என்றால் ஏறத்தாழ 22 அங்குலம். 6.3:1 என்றால் 26. 7.1:1 என்றால் 30.

பெயிட் ஒரே வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், கையில் விழும் பாரம் இந்த அங்குலக் கணக்குக்கு நேர் விகிதம். 22-க்குப் பதில் 30 என்றால் பாரம் 1.36 மடங்கு. சைக்கிளில் மேட்டில் ஏறும்போது பெரிய கியரில் மிதிப்பது போலத்தான். மெதுவாக மிதிக்கலாம், ஆனால் ஒவ்வொரு மிதியும் கனக்கும்.

ஆனால் யாரும் மெதுவாகச் சுற்றுவதில்லை என்பதுதான் நடப்பு. கைக்கு ஒரு பழகிய தாளம் இருக்கிறது. எந்த ரீலைக் கொடுத்தாலும் நாம் அந்தத் தாளத்தில்தான் சுற்றுகிறோம். அப்போது பெயிட்டின் வேகமே 1.36 மடங்கு ஆகிவிடும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 1.86 மடங்கு. அதோடு கியர் பாரம் 1.36 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆற்றங்கரையான், ஜூனில் உங்கள் முன்கை சுமந்தது இதைத்தான்.

அதே கணக்கில் 6.3:1-க்கு 1.65 மடங்கு வரும். கடைக்காரர் சொன்ன "நடு" அவ்வளவு நடுவில் இல்லை.

சுற்றுகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. 40 கெஜம் வீசினால் 22 அங்குல ரீலில் 65 சுற்று, 30 அங்குல ரீலில் 48 சுற்று. மெதுவான ரீலில் கை அதிகம் சுற்றத்தான் வேண்டும். ஆனால் லேசான 65 சுற்று, கனமான 48 சுற்றைவிட எனக்கு எளிது. செயின்ட் கிளேர் ஏரியில் நாள் முழுக்க வீசிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நீலாம்பல் (சட்டனூகா, டென்னசி)

கியர்பெட்டி சொன்னதில் ஒன்று விடுபட்டுவிட்டது: ஹேண்டிலின் நீளம். நான் சிக்கமாகா ஏரியில் கோடை முழுக்க லெட்ஜில் வீசுகிறேன். என் கை சிறியது, மணிக்கட்டில் பழைய வலி வேறு. புது ரீல் வாங்கும் முன் ஹேண்டிலை மாற்றிப் பார்த்தேன். 90 மில்லிமீட்டரில் இருந்ததை எடுத்துவிட்டு 100 மில்லிமீட்டர் போட்டேன். பிடியும் தட்டையாக இருந்ததை மாற்றி உருண்டையான பெரிய பிடி வைத்தேன். விரல் நுனியால் கிள்ளிக்கொண்டு சுற்றுவதற்குப் பதில் விரல்களை மடக்கிப் பிடித்துச் சுற்றலாம். மணிக்கட்டு வலி பாதியாகக் குறைந்தது. பிறகு 5:1 ரீலுக்கு மாறியபோது மீதியும் போனது.

இன்னொன்று, இது பெண்களுக்கு மட்டும் அல்ல, கை சிறிதாக உள்ள எல்லோருக்கும்: கடையில் ரீலை ராடில் மாட்டச் சொல்லி, உள்ளங்கையில் மூடிப் பிடித்துப் பாருங்கள். டீப் கிராங்க்பெயிட்டுக்கு என்று 300 அளவு பெரிய ரீல் வாங்கச் சிலர் சொல்வார்கள். 10எக்ஸ்டி மாதிரி 2 அவுன்சு பெயிட் வீசினால் சரி. மற்றதற்கு 200 அளவு போதும். ரீல் உள்ளங்கையில் அடங்காவிட்டால் இடது கை முதலில் களைத்துவிடும்.

கியர்பெட்டி

உண்மை, விட்டுவிட்டேன். 90-லிருந்து 100 என்றால் பாரம் 10 சதவீதம் குறையும்.

ஆற்றங்கரையான்

இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

பழைய தூண்டில் அண்ணா கேட்டதற்கு: ராடு 7 அடி, மீடியம் ஹெவி (விறைப்பானது), ஃபாஸ்ட் ஆக்‌ஷன், கிராஃபைட். லைன் 15 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூல். ஜிக்குக்கு வாங்கியது, அதையேதான் பிக்விக்கிலும் பயன்படுத்தினேன். அன்றைக்கு நான்கு மீன் அடித்தது, மூன்று படகுப் பக்கத்தில் வந்து கழன்றது. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய தூண்டில்

இதற்காகத்தான் கேட்டேன் தம்பி. மூன்று மீன் கழன்றது ரீலால் அல்ல, ராடால்.

ஜிக்கில் ஒரே தடித்த முள். அதை அழுத்திக் குத்த விறைப்பான ராடு வேண்டும். கிராங்க்பெயிட்டில் இருப்பது மெல்லிய மும்முனைக் கொக்கிகள். மீன் பின்னால் துரத்திவந்து வாயில் அள்ளும், பல சமயம் உதட்டோரத்தில் ஒரு முனைதான் மாட்டும். விறைப்பான கிராஃபைட் ராடில் மீன் தலையை உதறினால் அந்த ஓட்டை பெரிதாகி முள் நழுவிவிடும். நடுப்பகுதி வரை வளைகிற ராடு வேண்டும், மாடரேட் ஆக்‌ஷன். கண்ணாடியிழை, அல்லது கண்ணாடியிழையும் கிராஃபைட்டும் கலந்தது. 7 அடி 6 அங்குலத்துக்குக் குறையாமல் பார். நீளம் வீச்சுக்கு, வீச்சு ஆழத்துக்கு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஆழம் எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்குக் குழப்பம். வேகமாகச் சுற்றினால் பெயிட் இன்னும் ஆழம் போகும் என்று நினைப்பார்கள். போகாது. அதன் ஆழத்தைத் தீர்மானிப்பது லிப், லைனின் தடிமன், வீச்சின் நீளம் இந்த மூன்றும். பெயிட் சாய்வாக இறங்கி, கொஞ்ச தூரம் அடி ஆழத்தில் ஓடி, மறுபடி சாய்வாக ஏறுகிறது. வீச்சு குட்டையானால் அடி ஆழத்தைத் தொடும் முன்பே ஏற ஆரம்பித்துவிடும். லைன் தடித்தால் தண்ணீர் அதையே பிடித்து மேலே தூக்கும். 19 அடி போகும் என்று விற்கும் 6எக்ஸ்டியை 15 பவுண்டு லைனில் கட்டிக் குட்டையாக வீசினால் அந்த ஆழத்தை நீ பார்க்கவே மாட்டாய். 10 பவுண்டு, மிஞ்சினால் 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் போடு. 1982-ல் பால் இலியாஸ் கிளாசிக் ஜெயித்தார் அல்லவா, எப்படித் தெரியுமா? படகில் மண்டியிட்டு, ராடைத் தண்ணீருக்குள் செருகிக்கொண்டு சுற்றினார். இன்னும் சில அடி ஆழம் கிடைப்பதற்காக அவ்வளவு பாடு.

1993-ல் டேவிட் ஃப்ரிட்ஸ் லோகன் மார்ட்டின் ஏரியில் கிளாசிக் ஜெயித்ததும் டீப் கிராங்க்பெயிட்டில்தான். மெதுவான ரீல், வளைகிற கண்ணாடியிழை ராடு. இன்று வரை அவர் பேச்சு அதுதான். ரபாலா நிறுவனத்தின் டிடி வரிசைக் கிராங்க்பெயிட்டுகள் அவர் யோசனையில் வந்தவை. டிடி-6 என்றால் 6 அடி, டிடி-10 என்றால் 10 அடி. ஆழத்தைப் பெயரிலேயே வைத்தது புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல உதவி.

ஆகவே உன் 200 டாலரைப் பிரி. முழுவதையும் ரீலில் போடாதே.

ஃபோர்க்வாசி

ராடு விஷயத்தில் அண்ணா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஸ்கொயர்பில்லுக்கும் வளைகிற ராடுதான், ஆனால் 7 அடி போதும். கட்டைகளுக்கு நடுவே குறி பார்த்து வீச வேண்டுமே. லைன் மட்டும் நேர் எதிர்: 15 முதல் 17 பவுண்டு. அங்கே பெயிட் ஆழம் போவது நமக்கு வேண்டாம், மரத்தில் உரசி அறுந்துபோகாமல் இருப்பதுதான் வேண்டும்.

வீசும்போது ஸ்பூலின் வேகத்தை அடக்கும் பிரேக் பற்றி யாரும் பேசவில்லை. ரீல் தேர்வில் எனக்கு அது கியருக்குச் சமம். 1.5 அளவு ஸ்கொயர்பில் அரை அவுன்சுக்கும் குறைவு, உருண்டையான உடம்பு. எதிர்காற்றில் வீசினால் பாதி வழியில் வேகம் குறைந்துவிடும், ஸ்பூல் மட்டும் அதே வேகத்தில் சுற்றும், நூல் சிக்கு விழும். பால்சா மரத்தில் செய்தது இன்னும் மோசம். அதனால் மேலோட்டத்துக்கு லேசான ஸ்பூல், நுணுக்கமாக மாற்றக்கூடிய பிரேக் உள்ள ரீல் பாருங்கள். மேக்னெட்டிக் பிரேக்கை வெளியே உள்ள திருகிலேயே காற்றுக்கு ஏற்ப மாற்றலாம். சென்ட்ரிஃபியூகல் பிரேக்கில் பழைய வகைகளுக்குப் பக்க மூடியைத் திறக்க வேண்டும்.

1 அவுன்சு டீப் கிராங்க்பெயிட்டுக்கு இந்தக் கவலை குறைவு. கனமான பெயிட் தானே லைனை இழுத்துக்கொண்டு போகும். பிரேக்கைக் குறைத்து, கட்டைவிரலை ஸ்பூலில் வைத்து, இரண்டு கையாலும் வீசலாம்.

நீலாம்பல்

பட்ஜெட் ரீல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் முதலில் வாங்கியது மலிவான ஒரு 5:1 ரீல், பெயர் வேண்டாம். உடல் முழுக்க கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக். முதல் மாதம் நன்றாக இருந்தது. லெட்ஜில் இரண்டு மாதம் இழுத்த பிறகு ஹேண்டிலைச் சுற்றும்போதே கரகரவென்று மணல் அரைப்பது மாதிரி ஒரு உணர்வு. திறந்து பார்த்தால் கியர் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன.

கியர்பெட்டி

அது எதிர்பார்க்கக்கூடியதே. பாரம் ஏறும்போது உடல் சற்று வளைகிறது. பெரிய கியரும் சிறிய பினியனும் நேராகப் பொருந்தாமல் பற்களின் ஓரத்தில் மட்டும் அழுத்தம் விழுகிறது. டீப் கிராங்க்பெயிட் மாதிரித் தொடர்ச்சியான பாரம் வேறு எந்த முறையிலும் இல்லை. மீன் மாட்டும்போது மட்டும் அல்ல, வெறுமனே சுற்றும்போதும் கியர் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதனால் அலுமினிய உடல், பித்தளைக் கியர். எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். பால் பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை நான் பார்ப்பதே இல்லை.

ஸ்பூலை நிரப்பி வையுங்கள். 40 கெஜம் வெளியே போனதும் ஸ்பூலில் மீதமுள்ள லைனின் வட்டம் சிறுத்துவிடும், ஒரு சுற்றுக்கு வரும் அங்குலமும் குறையும். பாதி நிரப்பிய 5.4:1 ரீலில் வீச்சின் கடைசியில் பெயிட் இறங்க வேண்டிய நேரத்தில் சோம்பலாக வரும். விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் விட்டு நிரப்பினால் சரியாக இருக்கும்.

பழைய தூண்டில்

எல்லாம் படித்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆற்றங்கரையான், உன்னிடம் ஏற்கெனவே 7.1:1 இருக்கிறது. கல் கொட்டிய கரையில் அதில் நன்றாகவே பிடித்திருக்கிறாய். ஃபோர்க்வாசி ஸ்கொயர்பில்லுக்குக் கேட்பதும் 7:1தான். உன் மேலோட்ட ரீல் உன் வீட்டிலேயே இருக்கிறது! இரண்டுக்கும் பொதுவாக ஒன்று எதற்கு?

ஃபோர்க்வாசி

இதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். அண்ணா சொல்வது சரி. புதியதை முழுக்க ஆழத்துக்கே வாங்குங்கள்.

ஆற்றங்கரையான்

நீங்கள் சொல்லும் வரை எனக்கும் தோன்றவில்லை. முடிவு செய்துவிட்டேன். ஒருவர் விற்கும் பழைய 5.4:1, அலுமினிய உடல், 110 டாலர். மீதியில் 7 அடி 10 அங்குலக் கண்ணாடியிழைக் கலப்பு ராடு. 12 பவுண்டு லைன். ஜூனில் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

ஆற்றங்கரையான்

(ஏழு வாரம் கழித்து)

சனிக்கிழமை பிக்விக் போனோம். காலை 9 மணி வரை அணையில் தண்ணீர் விடவில்லை, ஒரு கடிகூட இல்லை. டிவிஏ (அணைகளை நடத்தும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்) தண்ணீர் திறந்து நீரோட்டம் வந்ததும் மீன்கள் லெட்ஜின் மேல் ஏறிவிட்டன. பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பு, 16 அடி, சிப்பிகள் படிந்த மேடு. நீரோட்டத்துக்கு எதிரே வீசி, ஓட்டத்தோடு இழுத்தோம்.

நாள் முழுக்க வீசினேன். மதியம் 3 மணிக்குத் தோளில்தான் களைப்பு இருந்தது, முன்கையில் இல்லை. கை வலி குறையும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது: அடித்தரை கையில் தெரிகிறது. சேற்றில் லிப் உழுதால் மந்தமாக இழுக்கிறது, சிப்பியில் பட்டால் டக் டக் என்று தட்டுகிறது. போன வருடம் ரீலோடு மல்லுக்கட்டியதில் இதெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை. தட்டல் நின்ற இடத்தில் சற்று நிறுத்தி மறுபடி இழுத்தால் கடி. ஆறு மீன், பெரியது 5 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றையும் திருப்பி விட்டோம்.

ஒன்று மட்டும் போனது. மாட்டியதும் நேராகப் படகை நோக்கி ஓடிவந்தது. நான் எவ்வளவு வேகமாகச் சுற்றியும் லைன் தொய்ந்துவிட்டது. ஃபோர்க்வாசி முதலில் சொன்ன குறை இதுதானே? 5.4:1-ல் இதற்கு என்ன செய்வது?

ஃபோர்க்வாசி

இதுதான். வாழ்த்துகள், ஆறு மீன் நல்ல நாள்!

பழைய தூண்டில்

சந்தோஷம் தம்பி. ரீலால் எடுக்க முடியாததை ராடாலும் காலாலும் எடுக்க வேண்டும். இழுக்கும்போது ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தியே வை. மீன் உன்னை நோக்கி ஓடுவது தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்தாமல் ராடைப் பக்கவாட்டில் பின்னால் வீசி இழு. 7 அடி 10 அங்குல ராடு ஒரே வீச்சில் பல அடி லைனை எடுத்துவிடும். அதோடு படகில் இரண்டு எட்டு பின்னால் வை. ராடை மேலே தூக்காதே, தூக்கினால் மீன் மேலே வந்து துள்ளித் தலையை உதறும். டிராகை (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) கொஞ்சம் தளர்த்தி வை, படகைப் பார்த்ததும் அது மறுபடி கீழே பாயும்போது லைன் போகட்டும்.

அடுத்த சனிக்கிழமை நானும் பிக்விக்கில்தான் இருப்பேன். அணைக்குக் கீழே உள்ள படகுத்துறையில் காலை 5 மணிக்கு வா, அந்தச் சிப்பி மேட்டுக்கு மேற்கே இன்னொன்று இருக்கிறது, காட்டுகிறேன்.